வரிசைக்கு ஒரு ஆள்

என்னுடைய விரிதாளின்படி அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் படகுச் சறுக்கில் ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை. கட்டத்தில் பூஜ்யம் பச்சை நிறத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. தலையைத் தூக்கி அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சறுக்குக் கோபுரத்தின் படிக்கட்டு நிறைந்து, அதற்குக் கீழே கயிறு கட்டிய வளைவுகள் நிறைந்து, ஐஸ் கச்சாங் விற்கும் வண்டி வரைக்கும் ஈரத் துணியோடு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுபடியும் தாளைப் பார்த்தேன். பூஜ்யம்.

புள்ளியியல் படித்துவிட்டு வந்தவளுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றின் அடியில், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில்தான் எங்கள் நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. நான் அங்கே செயற்பாட்டுப் பிரிவில் உதவியாளர். வேலை என்று பார்த்தால் வானிலை பார்ப்பது, வாக்கி-டாக்கிக்குப் பேட்டரி மாற்றுவது, தொலைந்துபோன செருப்புக்குப் பதில் சொல்வது. வரிசைகளைக் கணக்கில் கொண்டுவருகிறேன் என்று நானாகத்தான் போய்க் கேட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. படகுச் சறுக்கில் காத்திருப்பு அதிகம் என்று புகார் வந்துகொண்டே இருந்ததால், மேலாளர் அங்கே ஒரு 'விரைவு வரிசை' வைக்க முடிவு செய்திருந்தார். தனியாகக் காசு கட்டினால் கையில் தங்க நிறப் பட்டை கட்டுவார்கள். பட்டை உள்ளவர் பக்கவாட்டுப் படியில் ஏறி நேராக மேலே போய்விடலாம். மாதிரிப் பட்டைகள்கூட வந்துவிட்டன. ஒன்றை அவர் தன் மேசை விளக்கின் கழுத்தில் மாட்டி வைத்திருந்தார்.

அது சரியில்லை என்று எனக்குப் பட்டது. சறுக்கில் ஒரு படகுக்கு ஆறு பேர். படகுகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. தண்ணீரின் வேகம்தான் அதைத் தீர்மானிக்கிறது. பட்டைக்காரர் ஏறுகிற ஒவ்வொரு படகும் வெயிலில் நிற்கிறவரின் படகு. பாகான் டத்தோவிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் வாடகை வேன் பிடித்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள்தான் எங்கள் விடுமுறைக் கூட்டத்தில் பாதி. அவர்கள் பட்டை வாங்கப்போவதில்லை. பக்கத்தில் ஆட்கள் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள்.

இதைத் தாளில் போட்டு மேலாளரிடம் காட்டினேன். அவர் பொறுமையான மலாய்க்காரர். கடைசிப் பத்தி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு நிபந்தனை சொன்னார். தீபாவளிக்கு மறுநாள்தான் அந்தப் பருவத்திலேயே பெரிய கூட்டம். அன்றைக்கு இந்தச் சறுக்கில் சாதாரணக் காத்திருப்பை அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்து காட்டு. காட்டினால் பட்டை வேண்டாம். காட்டாவிட்டால் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு ஆர்டர் போய்விடும்.

"சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று அப்போது தெரியாது.

என் தாள் எளிமையானது. வரிசையின் வாயில் ஒரு சுழல் கதவு. அது ஆட்களை எண்ணும். மேலே எத்தனை படகு புறப்பட்டது என்பதும் பதிவாகும். உள்ளே வந்தவர்களிலிருந்து, படகை ஆறால் பெருக்கிக் கழித்தால் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான், விடை பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி போட்டிருந்தேன். அந்தக் கணக்குத்தான் பூஜ்யம் என்றது.

நான் முதலில் சந்தேகப்பட்டது மேலே படகை அனுப்புகிற அண்ணனை. சித்தியவான் ஊர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்தக் கோபுரத்துக்குத் தான்தான் ராஜா என்கிற நினைப்பு. வேலை முடிந்து அவர் கீழே வந்தபோது வழியை மறித்தேன்.

"அண்ணே, படகு எல்லாம் டைமுக்குப் போகுதா?"

"ஏன், உன் கம்ப்யூட்டர் என்னா சொல்லுது?"

"கியூவே இல்லன்னு சொல்லுது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நான் இன்னைக்கு முழுக்க யாரை ஏத்துனேன்? பேயையா?"

"இல்லண்ணே, நீங்க கொஞ்சம் ஸ்லோவா..."

"ஏய் புரொபசர்!" சிரிப்பு நின்றது. "காலையில இருந்து தண்ணியிலயே நின்னு கால் எல்லாம் ஊறிப்போய் கெடக்கு. நான் தூங்குறேன்னு சொல்றியா? ஏசில உக்காந்துகிட்டு பேசாதலா. கீழ எறங்கி வந்து நில்லு. நின்னு பாத்துட்டுச் சொல்லு."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. அடுத்த சனிக்கிழமை சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணச் சட்டையோடு சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். கையில் கைப்பேசி. யார் எங்கே மெதுவாகிறார்கள், எந்த வளைவில் இடைவெளி விழுகிறது என்று தட்டிக்கொண்டே வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்கிற நினைப்பில் அது உறைக்கவில்லை.

எனக்கு முன்னால் ஊதாச் சட்டை போட்ட ஓர் அக்கா. சட்டையின் முதுகில் 'எங்கள் குடும்பம் ஒரு கதம்பம்' என்று அச்சடித்திருந்தது. இரண்டாவது வளைவுக்கு வந்ததும் திரும்பினார்.

"தங்கச்சி, நீ இங்கதான நிப்ப?"

"ஆமாக்கா."

"எங்க எடத்தைக் கொஞ்சம் பாத்துக்கயேன். நான் போயி எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வாரேன்."

"சரிக்கா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. கைப்பேசியில் நேரத்தைத் தட்டிக்கொண்டே, வாய் பாட்டுக்குச் சரி சொல்லிவிட்டது. அந்த அக்கா தன் செருப்பைக் கழற்றி அடையாளத்துக்கு என் முன்னால் விட்டுவிட்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போனார். வரிசை நகர்ந்தபோது நான் அந்தச் செருப்பைக் காலால் தள்ளி முன்னால் நகர்த்தினேன். மறுபடியும் நகர்ந்தது. மறுபடியும் தள்ளினேன். படிக்கட்டு கிட்டத்தில் வந்ததும் புல்வெளிப் பக்கமிருந்து ஊதாச் சட்டைகள் வந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று. கயிற்றைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், குனிந்து நுழைய மற்றவர்கள். கடைசியாக நுழைந்த மாமா வாயில் முறுக்கு. என்னைப் பார்த்து "தேங்ஸ்மா" என்றார். எனக்கும் ஒரு முறுக்கை நீட்டினார். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்பது பூங்காவின் விதி. வாங்கிக்கொண்டேன்.

முறுக்கைக் கடித்த பிறகுதான் உறைத்தது. சுழல் கதவு அந்த அக்காவை 'ஒன்று' என்று எண்ணியிருக்கிறது. இங்கே பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள்.

திரும்பிப் பின்னால் பார்த்தேன். நீலச் சட்டையில் ஒருவர் மட்டும் நின்றார். அவருக்குப் பின்னால் மஞ்சள் சட்டையில் ஒரு பெண். அதற்கும் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தாய், அவர் தோளில் நாலு துண்டுகள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. எல்லாருடைய குடும்பமும் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அவரவர் முறை வரும்போது அவரவர் அழைத்துக்கொள்வார்கள். கோயில் அன்னதானத்திலிருந்து கிளினிக் வரைக்கும் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது, செய்தது. வரிசைக்கு ஒரு ஆள். மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். அது தப்பு என்றோ சரி என்றோகூட நினைத்ததில்லை. அதனால்தான் அது என் தாளில் இல்லை.

சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாக உற்சாகம் வந்தது. பிழை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது அல்லவா!

படிகளில் ஏறிக் கோபுரத்தின் மேலே போனதும் இரண்டாவது பிழையும் கிடைத்தது. அந்த ஊதாக் குடும்பம் பன்னிரண்டு பேர். ஆறும் ஆறும் ஏறினால் இரண்டே படகு. ஆனால் ஏற வேண்டுமே.

"நீ அப்பாகூடப் போ."

"நான் மாமாகூடத்தான் போவேன்!"

"அக்கா, நீங்க முன்னாடி போங்க, எனக்குப் பயமா இருக்கு."

"பயமா இருந்தா எதுக்குடி வந்த? படியைப் பாத்து எறங்கு, போ."

"எல்லாரும் ஒண்ணாப் போலாம்னுதானே சொன்னீங்க?"

"ஆறு பேருதான் அக்கா ஏறலாம்" என்று சித்தியவான் அண்ணன் மலாயிலும் தமிழிலும் கத்திக்கொண்டிருந்தார். இந்த மாநாடு முடிவதற்குள் ஒரு படகு காலியாகக் கீழே போனது. அடுத்ததில் நாலு பேர், அதற்கடுத்ததில் ஐந்து, கடைசியில் மூன்று. காலியாகப் போன படகைப் பார்த்து அண்ணன் என்னிடம் கையை விரித்தார்.

"கொசோங்! காலி! பாத்தியா? இந்த மாதிரி எத்தனை போகுது தெரியுமா? உன் தாள்ல அதுக்கும் ஆறு பேருன்னு போட்டிருப்ப."

போட்டிருந்தேன்.

அன்றிரவே தாளை உடைத்துத் திரும்பக் கட்டினேன். ஒரு வரி ஒரு ஆள் என்பதை மாற்றி, ஒரு வரி ஒரு குடும்பம் என்று வைத்தேன். குடும்பம் எத்தனை பேர் என்பதைத் தற்செயல் எண்ணாக விட்டேன்: சில வரியில் இரண்டு, சில வரியில் பதினைந்து. படகில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதற்கும் அப்படியே. ஓட விட்டேன். பூஜ்யம் போய்விட்டது. ஜன்னலில் தெரிகிற வரிசை தாளிலும் தெரிந்தது. ஒரு மணி நேரம், ஒன்றே கால் மணி நேரம். அப்படி ஒரு மோசமான எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். விரைவு வரிசையைச் சேர்த்தால் சாதாரணக் காத்திருப்பு இரண்டு மணியைத் தொட்டது. இடையில் வந்து சேர்வதைத் தடுத்தால் காத்திருப்பு குறையவில்லை. வெயிலில் நிற்கிற தலைகள்தான் மூன்று மடங்காயின. படகை நிரப்பி அனுப்பினால் மட்டும் எண் சரசரவென்று இறங்கியது. அவ்வளவுதான் விஷயம். ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது முக்கியமில்லை. படகு ஆறோடு போகிறதா என்பதுதான்.

என் திட்டம் இது: குடும்பத்துக்கு ஒரு ஆள் வந்து நிற்பது எப்படியும் நடக்கும். அதையே விதியாக்கிவிடலாம். கோபுரத்தின் கீழே நிழலில் ஒரு மேசை. ஓர் ஆள் வந்து எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். ஒரு படகுக்கு ஒரு அட்டை தருவோம். யார் யாரோடு ஏறுவது என்ற மாநாட்டைப் பாயில் உட்கார்ந்து நடத்திக்கொள்ளட்டும். ஒலிபெருக்கியில் எண்ணைக் கூப்பிட்டதும் ஆறு ஆறாக வரட்டும். ஆறு நிறையாத குடும்பத்தை இன்னொன்றோடு சேர்த்துவிடுவோம்.

மேலாளர் புருவத்தைச் சுருக்கினார். இது வரிசை தாண்டுகிறவர்களுக்குப் பரிசு கொடுப்பது இல்லையா என்று கேட்டார். எல்லாரும் ஒரே மாதிரி தாண்டினால் அதில் தாண்டல் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். அவர் மேசை விளக்கில் மாட்டிய பட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரே நாள், என்றார்.

சித்தியவான் அண்ணன் அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"மேசை போடுவ, அட்டை குடுப்ப, மைக்ல பேசுவ. கடைசியில மேல வந்து சண்டை போடுறது யாருகிட்ட? என்கிட்ட."

"சண்டை கீழயே முடிஞ்சிரும்ணே."

"நம்ம ஆளுங்க சண்டை கீழ முடியுமா? நீ எந்த ஊரு?"

"அரை மணிக்குள்ள ஏத்திக் காட்டுறேன். பந்தயம் கட்டுறீங்களா?"

"ஒரு வாரத்துக்கு நாசி லெமாக் சோறு. டாப்பாவ் பண்ணி, பொட்டலமா மேலயே கொண்டாந்து தரணும்."

"சரி. நான் ஜெயிச்சா?"

"நீ எங்க ஜெயிக்கப் போற!"

தீபாவளி அன்று மாலை பாகான் டத்தோவிலிருந்து என் சித்தி போன் செய்தார். அம்மாவின் தங்கை. எதையும் கேட்க மாட்டார், சொல்லத்தான் செய்வார்.

"நாளைக்கு நாங்க எல்லாரும் வாரோம். நீ அங்கதான வேல செய்யிற? படகுக்கு எங்களுக்கு ஒரு எடம் புடிச்சி வச்சிரு."

"சித்தி, நாளைக்கு அப்படி எல்லாம் முடியாது. புது சிஸ்டம். மேசையில வந்து எத்தனை பேருன்னு சொல்லணும்."

"பதினாலு பேரு. சொல்லிட்டேன். எழுதிக்க."

மறுநாள் கதவு திறந்ததும் வேன்கள் வந்து குவிந்தன. காலையில் எல்லாம் கனவு மாதிரி நடந்தது. அட்டை வாங்கியவர்கள் சந்தோஷமாகப் பாய்க்குத் திரும்பினார்கள். நான் மைக்கில் தமிழிலும் மலாயிலும் எண்ணைக் கூப்பிட்டேன். ஆறு ஆறாக வந்தார்கள். மேசையில் சிலருக்கு நேரம் குறித்த சிவப்புச் சீட்டைக் கொடுத்து மேலே வாங்கிப் பார்த்ததில் காத்திருப்பு அரை மணிக்கும் கீழே. வாக்கி-டாக்கியில் அண்ணனைக் கூப்பிட்டு, "நாசி லெமாக்ல எக்ஸ்ட்ரா சம்பல்" என்றேன். 

பதினொரு மணிக்குப் பிறகு அவரே கூப்பிட்டார். "புரொபசர், கொசோங்."

"என்ன?"

"மூணு அட்டை குடுத்திருக்க. ரெண்டு படகுக்குத்தான் ஆளு வந்துச்சு. மூணாவது கொசோங். முன்னாடி போனதும் அப்படித்தான்."

அடுத்த குடும்பம் மேசைக்கு வந்தபோது கவனித்துப் பார்த்தேன். எத்தனை பேர் என்று கேட்டேன். "பன்னெண்டு... ம்ம், பதினஞ்சுன்னு போட்டுக்கம்மா. வந்தாலும் வருவாங்க." அதற்கடுத்தவர், "பதினோரு பேரு. ஒரு பதினாலுன்னு வையேன், பத்தாம போயிறக் கூடாதுல்ல." பந்திக்கு இலை போடச் சொல்கிற அதே வாய். யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சோறு வடிக்கிற கணக்கும் இதுதான். கூட வைப்போம், குறைத்து வைக்க மாட்டோம். வராத ஆட்களுக்காக என் படகுகள் காலியாகப் போய்க்கொண்டிருந்தன. சிவப்புச் சீட்டு நாற்பது நிமிடத்தைத் தாண்டியது. பிறகு ஐம்பது. மேலாளர் வந்து மேசைக்கு எதிரே கைகட்டி நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 

மடிக்கணினியைத் திறந்தேன். காலையிலிருந்து சொன்ன எண்ணும் வந்த எண்ணும் இரண்டு பத்தியில் இருந்தன. சிறிய குடும்பங்கள் சொன்னபடியே வந்தன. பத்துக்கு மேல் சொன்னவர்கள்தான் சுருங்கினார்கள். ஏறக்குறைய ஒரு படகு அளவுக்கு. அங்கேயே முடிவு செய்தேன். பத்துக்கு மேல் சொல்கிறவர்களுக்கு ஒரு அட்டை குறைவு. "எல்லாரும் வந்துட்டா எங்கிட்ட வாங்க, அடுத்த படகு உங்களுக்கு. காத்திருக்க வேண்டாம்" என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்தேன். ஒருவர் இருவராக வந்தவர்களைப் படிக்கட்டின் உச்சியில் தனியாக நிறுத்தினேன். சீன அப்பாவும் மகளும், இரண்டு மலாய்க் கல்லூரி மாணவிகள், ஒரு புதுமணத் தம்பதி. படகில் எத்தனை இடம் காலியோ அத்தனை பேரை அண்ணன் அங்கிருந்து ஏற்ற வேண்டும்.

"இது முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல?" என்றார் அண்ணன்.

"இப்பத்தான் தெரியும்ணே. ஏத்துங்க."

எண் இறங்க ஆரம்பித்தது. ஐம்பது நாற்பத்தைந்தானது, பிறகு நாற்பது. வாக்குக் கொடுத்த அந்த ஒரு படகைக் கேட்டு யாரும் திரும்பி வரவில்லை. கணக்கு சரியாக வேலை செய்தது. மேலாளர் மேசையின் ஓரத்தில் சாய்ந்து தாளைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில்தான் வந்தார் என் சித்தி.

"எங்க பதினாலு பேருக்கு ரெண்டு அட்டை குடுத்திருக்காங்க. பன்னெண்டு பேருதான் போக முடியும். மிச்ச ரெண்டு பேரு உன் மடியில உக்கார்றதா?"

நான் மைக்கில் இருந்த நேரத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை கொடுக்கும் பெண் என் புது விதிப்படி கொடுத்திருக்கிறார். வாங்க வந்தது என் சித்தி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"எல்லாரும் வந்திருக்காங்களா சித்தி?"

"வராம? கூப்புட்டா வராத ஆளுங்களா நாங்க?"

சித்தி என்று நான் கூப்பிட்டது பின்னால் நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. பச்சைச் சட்டை அண்ணன் ஒருவர் சத்தமாக ஆரம்பித்தார்.

"ஓ, அப்படியா சங்கதி! சொந்தக்காரங்களுக்கு மட்டும் தனிப் படகா?"

"அதானே! நாங்க மட்டும் என்ன, சும்மா தண்ணி பாக்கவா வந்தோம்?"

"எங்களுக்கும் சித்தி இருக்காங்கலா, கூட்டிட்டு வரவா?"

சிரிப்பும் கோபமும் கலந்து எழுந்தது. மேலாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்பது எந்த மொழியிலும் புரியும்.  படகைக் கொடுத்தால், காசுக்குத் தாண்டுகிற வரிசையை எதிர்த்தவள் உறவுக்குத் தாண்டுகிற வரிசையை வைத்தாள் என்று ஆகிவிடும். கொடுக்காவிட்டால் எல்லாருக்கும் கொடுத்த வாக்கு பொய்யாகும். அதற்குப் பிறகு என் அட்டையை யார் நம்புவார்கள்? எனக்கு அந்தப் படகு முக்கியமில்லை. விதி நிற்க வேண்டும், அதுவும் எல்லார் கண் முன்னாலும்.

மைக்கை எடுத்தேன்.

"அண்ணே, அக்கா, எல்லாரும் கேளுங்க. இவங்க என் சித்திதான். மறைக்கல. விதி எல்லாருக்கும் ஒண்ணு. பத்துக்கு மேல சொன்னவங்க சொன்ன ஆளு அத்தனை பேரையும் கொண்டாந்து காட்டுனா, அடுத்த படகு. ஒரு ஆளு குறைஞ்சாலும் கெடையாது. சித்தியா இருந்தாலும் கெடையாது. நீங்களே எண்ணுங்க!"

மலாயிலும் சொன்னேன்.  பிறகு பச்சைச் சட்டை அண்ணன்தான் கையை உயர்த்தினார். "சரி, எண்ணுவோம்லா!"

சித்தி தன் படையை வரிசையாக நிறுத்தினார். "ஒண்ணு!" என்றது கூட்டம். "ரெண்டு! மூணு!" சின்னவர்களின் தலையைத் தட்டித் தட்டி எண்ணினார்கள். மேலே படிக்கட்டில் நின்ற மாணவிகள் இருவரும் தமிழ் எண்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்துகொண்டார்கள். "பன்னெண்டு! பதிமூணு!"

நின்றது. பதினான்காவது ஆள் இல்லை.

"பதிமூணு! பதிமூணு!" என்று பச்சைச் சட்டை அண்ணன் துள்ளினார். சித்தி சுற்றுமுற்றும் பார்த்தார். தூரத்தில் புல்வெளி ஓரத்தில் ஒதுங்கி நின்ற ஒருவரைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ் டிரைவரண்ணே! வாய்யா இங்க!"

வேன் ஓட்டி வந்தவர். தொப்பை, மடித்துக் கட்டிய கைலி, கையில் கார்ச் சாவி. "எனக்குத் தண்ணின்னா பயம் அக்கா. நான் வேனுக்கே போயிர்றேன்."

"பயமாம்! ஈப்போ வரைக்கும் லாரி எல்லாத்தையும் முந்திக்கிட்டு ஓட்டுனப்ப எங்களுக்குத்தான் பயமா இருந்துச்சு. வாய்யா!"

கூட்டமே அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. "பதினாலு!" என்று பச்சைச் சட்டை அண்ணன்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். கைலியோடு ஏறக் கூடாது என்று ஓர் அரைக்கால் சட்டையையும் அவரே தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது படகில் சித்தியும் டிரைவர் அண்ணனும் ஏறினார்கள். மிச்ச நாலு இடத்துக்கு, மேலே இரண்டாவது தடவைக்குக் காத்திருந்த சீன அப்பா, மகள், மாணவிகள் இருவர். சறுக்கின் சுரங்கக் குழாய்க்குள் போன படகிலிருந்து டிரைவர் அண்ணனின் குரல் மட்டும் கோபுரம் முழுவதும் கேட்டது.

அதன்பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. மேசையில் எண்ணைச் சொல்லும்போதே பயந்து சொன்னார்கள். "பதினொண்ணு... இரும்மா, நல்லா எண்ணிட்டு வாரேன்." படகுகள் நிறைந்து போயின.

சாயங்காலம் சிவப்புச் சீட்டுகளை மேலாளர் முன்னால் பரப்பினேன். காலை அருமை. நடுப்பகல் மோசம். மதியத்துக்குப் பிறகு முப்பத்தைந்து நிமிடத்தை ஒட்டி. நாள் முழுவதுக்கும் சராசரி எடுத்தால் அரை மணியைத் தாண்டிவிட்டது. அரை மணி நேரம் என்றுதானே பேசினோம் என்றார் அவர். ஆமாம் என்றேன். பூசி மெழுகவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

அதே தாளில் இன்றைய கூட்டத்தைப் போட்டு, விரைவு வரிசையைச் சேர்த்து அவர் முன்னாலேயே ஓட விட்டேன். பட்டை இல்லாதவருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வந்தது. பிறகு பட்டையை எடுத்துவிட்டு, மதியம் கண்டுபிடித்த விதியைக் காலையிலிருந்தே வைத்து ஓட விட்டேன். இருபத்தெட்டு நிமிடம். தாள் இதற்கு முன்பும் பொய் சொல்லியிருக்கிறது, பூஜ்யம் காட்டியிருக்கிறது என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான். "அப்போது தாளில் ஆட்கள் இல்லை. இப்போது இருக்கிறார்கள்" என்றேன் மலாயில்.

அவர் வெகுநேரம் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பட்டை ஆர்டர் போகாது என்றார். ஆனால் அந்த விடுமுறை முழுக்க மேசையில் நான்தான் உட்கார வேண்டும், ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது. அரை மணியைத் தாண்டினால் ஜனவரியிலேயே பட்டை வந்துவிடும். சரியா?

சரி என்றேன். கூடவே மேசைக்கு மேலே ஒரு கூடாரமும், என்னோடு இரண்டு ஆட்களும் வேண்டும் என்று கேட்டேன். கூடாரம் தரலாம், ஆள் ஒன்றுதான் என்றார்.

வெளியே வந்தபோது சித்தியவான் அண்ணன் படியில் உட்கார்ந்து ஊறிய காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அரை மணி ஆவலல்ல? அப்ப நான்தான் ஜெயிச்சேன். நாளைக்கு நாசி லெமாக்."

"பட்டை வரலண்ணே."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "நெசமாவா?"

"விடுமுறைக்கு எனக்கு ரெண்டு ஆளு வேணும். ஒண்ணுதான் தர்றேங்குறாரு. நீங்க போயி மேல ஆளு பத்தலன்னு அவருகிட்டச் சொன்னீங்கன்னா..."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"ஒரு வாரத்துக்கு இல்லண்ணே. ரெண்டு வாரத்துக்கு. எக்ஸ்ட்ரா சம்பல்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, ஈரக் காலோடு மேலாளர் அறைப் பக்கம் நடந்தார்.